ஒரே படம், எத்தனை பதிவு?

கேள்வி: 'பிளேடு ரன்னர்' போலப் பல வடிவங்களில் வந்த படத்தை, சினிமாத் தகவல் தளங்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப்படமாகப் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே பிள்ளைக்கு எதற்கு மூன்று ரேஷன் கார்டு? 1982இல் அமெரிக்காவில் வெளியானபோது ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரலும் சுபமான முடிவும் இருந்தன. 1992இல் இரண்டும் போய், ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவு வந்தது. அந்தச் சில நொடிகள் போதும், நாயகனே மனிதன்தானா என்ற சந்தேகம் வந்துவிடும்! 2007இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட் மறுபடி செதுக்கினார். எனவே படத்துக்கு ஒரே பதிவு; அதன் கீழ் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆண்டு, நீளம், மாற்றங்கள், அதை முடிவு செய்தது இயக்குநரா தயாரிப்பாளரா என்ற விவரம்.

'ஜஸ்டிஸ் லீக்' கதை வேறு. 2017இல் வந்தது இயக்குநர் ஜாஸ் வீடன் பல காட்சிகளை மறுபடி எடுத்து முடித்த இரண்டு மணி நேரப் படம். 2021இல் படத்தின் முதல் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் தந்தது நான்கு மணி நேரம். இவற்றுக்குத் தனித்தனிப் பதிவுதான் நியாயம்.

ஒன்றை மட்டும் விடவே கூடாது: மார்க் போட வருகிறவரிடம், எந்த ஆண்டு வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று தளம் கேட்டே ஆக வேண்டும்.