ஒற்றைப் பொத்தான் ரிமோட் காரின் திருப்பக் கோட்பாடு: ஒரு முன்னாய்வு

எந்த ஆய்வும் காலத்தை நிறுவாமல் தொடங்கலாகாது. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு குட்டிப் படகை வானொலி அலையால் ஓட்டிக் காட்டினார். ரிமோட் பொம்மைக்கு இதுவே மூலம் என்பர் மேலை நாட்டார். நம்மவர் விடுவார்களா? சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வலம் திருகினால் ஏறும், இடம் திருகினால் இறங்கும். அதில் ரிமோட் எங்கே என்று கேட்பவருக்கு அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு வராது.

இனி வகைப்பாடு. பறப்பவை: பக்கத்து வீட்டு மாடியில் முடியும். நீரில் ஓடுபவை: வாளி போதாது. கையடக்க '9999 இன் 1' பெட்டி: உள்ளே செங்கல் அடுக்கும் ஆட்டமும் சில சில்லறை ஆட்டங்களுமே; வேகத்தை மாற்றி மாற்றி எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றிப் பல ஆய்விதழ்களில் போட்டுப் பதவி உயர்வு வாங்கியோர் இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

தரையில் ஓடுபவற்றுள் தலையாயது, திருவிழாக் கடையில் தொங்கும் ஒற்றைப் பொத்தான் கார். சுவிட்சைப் போட்டதும் நேரே ஓடும். பொத்தானை அழுத்தினால் வளைந்து பின்னால் வரும். வளைவதும் எப்போதும் ஒரே பக்கம்தான். விட்டால் மறுபடி நேரே. நிற்க மட்டும் தெரியாது. துரத்திப் பிடித்து, கவிழ்த்து, அடியிலுள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். உள்ளே ஒரே மோட்டார். திருப்புவதற்கென்று தனி மோட்டார் இல்லை. பின்னால் போகும்போது மட்டும் முன்சக்கரம் சாயும்படி பொருத்தியிருப்பார்கள். விலை மலிவின் சூட்சுமம் அதுவே.

இக்காரை ஓட்டுபவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. "அதுவா ஓடுது, நாம சும்மா அமுக்கறோம்" என்பது எதிர்வீட்டு நான்காம் வகுப்பு மாணவன் துணிபு (வாய்மொழி; சோபாவுக்கு அடியில் தலையை விட்டவாறு). "இவன்தான் என் காரையும் ஓட்டறான்" என்று மறுக்கிறாள் தங்கை (அழுகைப் பதிப்பு, இரண்டாம் மடலம், மூக்குறிஞ்சல் நீக்கியது). தங்கை கட்சிக்கே சான்று வலிது: இரண்டு காரும் 27 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டுமே ஆடும். புதிதாக வாங்குவோர் ஒன்றை 27, மற்றதை 49 என்று பார்த்து வாங்குக. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அது தன் ரிமோட்டோடு மட்டும் சோடி சேரும். மோதல் குறித்த ஒரே முதன்மைச் சான்று பாட்டியுடையது (திண்ணைச் சுவடி, ஓலை 3, வெற்றிலைக் கறையால் ஈற்றடி சிதைவு): மூலத்தில் "ஐயோ என் காலு", பாடபேதம், "சனியனே".

பென்சில் பாட்டரி பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது. பாட்டரி மூடியைக் கழற்றச் சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அது வீட்டிலேயே இருக்காது. காய்கறிக் கத்தி முனையால் அத்திருகைக் கழற்றுவது பற்றிய களஆய்வு, கத்திக்கு உரியவர் ஊரிலிருந்து திரும்பியதால் இடையில் கைவிடப்பட்டது.