புது நோட்டின் ஏழாம் பக்கம்: ஒரு மூலபாட ஆய்வு

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் மாணவர்கள் எடுக்கும் சபதங்களை அறிஞர் உலகம் இதுவரை சீண்டவில்லை. சபதம் வாய்வழி இலக்கியம், எழுத்துச் சான்று இல்லை என்று சாக்குச் சொல்கிறார்கள். சான்று இருக்கிறது. 192 பக்க லாங் சைஸ் நோட்டு வடிவில், பழைய பேப்பர் கடைகளில் கிலோ கணக்கில் எடைக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர்களின் இத்தகைய நோட்டுகளைக் கொண்டு, புதிய கல்வியாண்டை ஒருவர் உருப்படியாகப் பயன்படுத்திக்கொள்வது எவ்வாறு என்று ஆராய்வதே இக்கட்டுரை.

முதலில் நோட்டின் புற அமைப்பு. முதல் பக்கத்தின் உச்சியில் 'உ' இருக்கும், அல்லது 786, அல்லது ஒரு சிலுவை. எதுவும் இல்லையேல் நோட்டுக்குரியவர் பகுத்தறிவாளர், அல்லது நோட்டு இரவல். அதன் கீழே பெயர், துறை, பாடக் குறியீடு, மூன்று வண்ண மையில். இரண்டு முதல் நான்காம் பக்கம் வரை தலைப்புகள் சிவப்பில். அடிக்கோடு ஸ்கேல் வைத்து, அதுவும் இரட்டைக் கோடு. ஐந்தாம் பக்கத்தில் கோடு வளைகிறது, ஸ்கேல் தொலைந்தது என்க. ஆறாம் பக்கத்தில் சிவப்பு மறைகிறது, பேனாவை இரவல் வாங்கியவன் திருப்பித் தரவில்லை என்க. ஏழாம் பக்கத்தில் 'இதிலிருந்து பெறப்படுவது யாதெனில்' என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் தொடங்குகிறது. முடிவதில்லை. எதுவும் பெறப்படாமலேயே அந்நூல் நின்றுபோகிறது.

நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினால் இன்னொரு நூல் தொடங்குவதைக் காணலாம். புக் கிரிக்கெட் ஸ்கோர், ஃபிளேம்ஸ் கணக்கு, எக்ஸ்-ஓ கட்டங்கள், இரு வேறு கையெழுத்துகளில் ஓர் உரையாடல்: "எப்ப மாப்ள முடிப்பாரு?" "அவருக்கே தெரியாது." இந்நூலில் நடை தடுமாறுவதே இல்லை. மை மங்குவதில்லை, வாக்கியங்கள் முற்றுப்பெறுகின்றன. முன்னூலுக்கும் பின்னூலுக்கும் நடுவில் நூற்றைம்பது பக்கம் பாலைநிலம்.

ஏழாம் பக்கத்தில் நடந்தது என்ன? சோம்பல் என்பது பெற்றோர் மரபு. செல்போன் என்பது பேராசிரியர் மரபு. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. வகுப்பின் வேகத்தைக் கணக்கிட்டால் ஏழாம் பக்கம் ஏறத்தாழ இரண்டாம் வாரக் கடைசியில் வருகிறது. வகுப்பில் எல்லாவற்றையும், ஆசிரியர் சொன்ன ஜோக் உட்பட, ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி மற்ற ஐம்பத்துச் சொச்சம் பேருக்கும் பரவி முடிவது அப்போதுதான். ஆகவே மாணவனின் சபதம் முறிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது, வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

அந்த வேறொருவரின் நோட்டே மூலச்சுவடி. இதற்கு உரியவர் பெரும்பாலும் ஒரு மாணவி. முதல் பெஞ்சில் இருக்கமாட்டார். அங்கிருப்போருக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருக்கும். இரண்டாம் பெஞ்ச், ஜன்னலோரம். மூலச்சுவடி எழுதும் மாணவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய சுவடிகளுக்கு உரையாசிரியர் தேவை.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், ஊர் ஊராக ஏடு தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் பட்ட பாடு எத்தகையதென்று அறிய விரும்புவோர், மாடல் எக்ஸாமுக்கு முந்தைய இரவு ஹாஸ்டலுக்கு வரலாம். ஓர் அறையில் மூன்று செராக்ஸ் பிரதிகள், மூன்றிலும் வெவ்வேறு பாடம். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு பொத்தலாகும் என்று பழைய ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர்தாம் கண்டுபிடிக்க வேண்டும். செராக்ஸுக்கும் புள்ளி ஆகாது. பிரதியின் பிரதியில் அது மங்குகிறது, அதன் பிரதியில் மறைகிறது. 7.5 மில்லிமீட்டர் கம்பி 75 மில்லிமீட்டராகப் பருத்துவிடுகிறது. அந்தக் கம்பியை வைத்துக் கட்டிய பாலங்கள் விடைத்தாளோடு நின்றுபோவது பொதுமக்கள் செய்த புண்ணியம்.

இடைச்செருகலும் ஏராளம். மூலச்சுவடிக்காரர் ஓரத்தில் தமக்காகக் குறித்துக்கொண்ட 'மாமா கல்யாணம் 24' என்பது, கையால் பார்த்து எழுதப்பட்ட ஒரு கிளைப் பிரதியில் சமன்பாட்டின் நடுவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. படித்தவர்கள் அதையும் ஒரு படியாகவே பாவித்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். சிதைவு வகையில், புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை; நான்காம் யூனிட்டில் அதே மாதிரி இரண்டு பக்கங்கள் எந்தப் பிரதியிலும் இல்லை. முன்னதற்குக் காரணம் காலம். பின்னதற்குக் காரணம், செராக்ஸ் எடுக்கும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டது.

செராக்ஸ் இயந்திரத்தின் வரலாறும் நம் ஆய்வுக்குப் பொருந்தி வருகிறது. செஸ்டர் கார்ல்சன் பகலில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணி, இரவில் நியூயார்க்கில் சட்டப் படிப்பு என்று திரிந்தவர். சட்டப் புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியவர். கை ஓய்ந்தது. 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியா என்ற இடத்தில், அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையின்றி முதல் நகலாக எடுத்துக் காட்டினார். அது 914 என்ற பெயரில் இயந்திரமாகச் சந்தைக்கு வர 1959 ஆகிவிட்டது. ஆக, செராக்ஸைக் கண்டுபிடித்தவரே நோட்ஸ் எழுதிச் சலித்த ஒரு மாணவர். 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு செராக்ஸ் கடை மீது பெரிய பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் உயர்நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்த நாளில் நம்மூர்க் கல்லூரி வாசல்களில் பட்டாசு வெடிக்காதது நன்றிகெட்டத்தனம்.

நம் கடைக்காரர்கள் சாதாரண வணிகர்களும் அல்லர். கள ஆய்வில் பதிவான உரையாடல் ஒன்று:

"அண்ணே, மெக்கானிக்ஸ் மூணாவது யூனிட் இருக்கா?"

"எந்த ரெகுலேஷன் தம்பி? பதினேழா, இருபத்தொண்ணா?"

"தெரியலையே அண்ணே."

"எந்த வருஷம் படிக்கிற?"

"செகண்ட் இயர்."

"அப்ப இருபத்தொண்ணு. பதினொண்ணாம் பக்கம் மங்கலா இருக்கும், பரவால்லையா? டூ மார்க் மட்டும் தனியா பைண்டிங் போட்டு வெச்சிருக்கேன், அதையும் கொண்டு போ."

தன் பாடத்திட்டம் எது என்பதை மாணவன் பாடத்திட்டக் குழுவிடம் அறியவில்லை, கடைக்காரரிடம் அறிந்தான் என்பது கருதத்தக்கது. அண்ணா பல்கலைக்கழகம் இந்த அண்ணனுக்கு ஏதேனும் ஒரு கௌரவப் பட்டம் வழங்கலாம்.

வருகைப் பதிவு குறித்துச் சுருக்கமாக. 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கு மேல் 75க்குள் என்றால் மருத்துவச் சான்றிதழ் போன்ற சடங்குகள். 65க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். இவ்விதியை மாணவர்கள் 25 விழுக்காடு மானியம் என்று உரை செய்கிறார்கள். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் மானியம் இருபத்திரண்டரை நாள். அந்த அரை நாளை மாணவன் மேல்நோக்கி முழுமையாக்குகிறான், அலுவலகம் கீழ்நோக்கி. நவம்பரில் நடக்கும் சண்டைகள் யாவும் இந்த அரை நாளைப் பற்றியவை. ஐப்பசி மழைக்கு ஆட்சியர் விடும் விடுமுறையை நம்பிச் சேமித்து வைப்பவனே கெட்டிக்காரன். ஜூலையிலேயே மானியத்தைத் தீர்த்தவனுக்குக் கார்த்திகையில் காய்ச்சல் வரக்கூட உரிமையில்லை.

இனி ஆண்டைப் பயன்படுத்துவதற்கு வருவோம். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே தலைதெறிக்க ஓடுகிறது, பிறகு நிதானமாக நடக்கிறது. பொருளற்ற அசைகள் அவருக்கு எங்கே கிடைத்தன என்ற கேள்வி, டூ மார்க் பைண்டிங்கைப் பார்த்தவர்களுக்கு எழாது. நமக்குப் பயன்படுவது வேறொன்று. ஸ்டடி ஹாலிடேஸ் முழுக்க மூலச்சுவடி ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர் கையில் அது இருப்பதே இல்லை. வெறுங்கையோடு போய்த் தேர்வு எழுதி 'ஓ' கிரேடு வாங்கிவிடுகிறார். சுவடி யாருக்குத் தேவைப்படவில்லையோ அவர்தான் அதை எழுதியிருக்கிறார் என்ற இம்முடிவு நீதிமன்றத்திலும் நிற்கும்.

எட்டாம் பக்கத்தைத் தானே எழுதுவது ஒரு வழி என்பதை இந்த ஆய்வாளர் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் கண் திறந்திருக்க வேண்டும். தயிர்சாதம் உண்ணும் சமூகத்தில் இது நடைமுறைக்கு ஒவ்வாது. இரண்டாவது வழி, மூலச்சுவடிக்காரரிடம் நவம்பரில் அல்லாமல் ஜூலையிலேயே வணக்கம் சொல்லத் தொடங்குவது. நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல், தேர்வுக்கு முதல் நாள் "சிஸ்டர், ஒரு சின்ன ஹெல்ப்" என்று வருபவருக்குப் புள்ளியில்லாத பிரதிதான் வாய்க்கும்.

மூன்றாவது வழி நட்சத்திரங்கள். ஓரங்களில் 'இம்ப்' என்றும் நட்சத்திரம் என்றும் குறிகள் உண்டு. இவற்றின் மூலத்தைத் தேடிப் போனால் சுவாரசியம் கூடுகிறது. மூலச்சுவடிக்காரர் நட்சத்திரம் போட்டது, ஆசிரியர் "இது முக்கியம்" என்றதால். ஆசிரியர் அப்படிச் சொன்னது, தாம் படித்த காலத்துப் பழுப்பேறிய நோட்டில் அங்கே நட்சத்திரம் இருந்ததால். அந்த நோட்டும் அவருடைய சீனியர் ஒருவரின் செராக்ஸைப் பார்த்து எழுதியது. வினாத்தாள் தயாரிப்பவரும் எங்கோ ஒரு கல்லூரியின் ஆசிரியர்தான், அவரிடமும் ஒரு பழுப்பேறிய நோட்டு இருக்கிறது. முக்கியம் என்பதால் கேட்கப்பட்டு, கேட்கப்பட்டதால் முக்கியமாகி, அந்தக் கேள்விகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

ஒரு நோட்டின் இரண்டாம் யூனிட்டில் உள்ள நட்சத்திரத்தை மட்டும் அதன் மூலப்பிரதியில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வாய்த்தது. அது நசுங்கிய கொசு. அந்தக் கேள்வி இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது.