அரிய படத்துக்கு அரிய விலை

பெறுநர்:
உரிமக் கட்டணப் பிரிவு மேலாளர் அவர்கள்,
பழைய படங்களை இணையத்தில் விற்கும் கம்பெனி.
(பெயரை எழுதினால் அதற்கும் கட்டணம் வரலாம் என்பதால் விடப்பட்டுள்ளது.)

பொருள்: 1770 இல் அச்சான படத்துக்கு இப்போது பணம் கேட்பது – பாராட்டும் விளக்கம் கோரலும் – தொடர்பாக.

ஐயா,

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் அமெரிக்கா உருவான கதையைப் பேச ஒப்புக்கொண்டேன். "புரொஜெக்டர் இருக்கு சார், நாலு நல்ல படம் போடுங்க" என்றார் நூலகர். தேடினால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தங்கள் கடைதான். பாஸ்டன் படுகொலை என்று தட்டியதும், பால் ரெவியர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் வந்தது. மேலே 'மிக அரியது' என்று ஒரு சான்றிதழ், குறுக்கே தங்கள் திருநாமம் வாட்டர்மார்க்காக. துப்பாக்கிப் புகை தெரிகிறது. செஞ்சட்டைச் சிப்பாய்கள் தெரிகிறார்கள். முன்னால் நிற்கிற குட்டி நாயின் முகம் மட்டும் தங்கள் பெயரின் நடு எழுத்துக்குள் போய்விட்டது. நாயைப் பார்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு படிவம். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அதில் ஒரு கேள்வி. வாசகர் வட்டத்துக்கு ஒருமுறையாவது வந்து போனவர் எவரும் அப்படிக் கேட்டு மனதைப் புண்படுத்தமாட்டார்.

போகட்டும். விற்பதற்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த தங்கள் ரசனையை முதலில் பாராட்ட வேண்டும். 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதை முதலில் வரைந்தவர் ஹென்றி பெல்ஹாம் என்ற இளைஞர். அந்த வரைபடம் எப்படியோ ரெவியர் கைக்குப் போக, அவர் அதைப் பார்த்து அப்படியே செதுக்கி, அந்த மாதம் முடிவதற்குள் விற்பனைக்கே விட்டுவிட்டார். பெல்ஹாமின் சொந்த அச்சு சந்தைக்கு வரும்போது ரெவியர் காசு பார்த்தாகிவிட்டது. நடுவழியில் மறித்துப் பறித்துக்கொண்டது போலச் செய்துவிட்டாயே என்று பெல்ஹாம் அவருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். பெல்ஹாமுக்குக் காலணாகூடப் போகாத அந்தப் படத்துக்குத்தான் தாங்கள் இன்று உரிமைத்தொகை கேட்கிறீர்கள். தொழில் தர்மம் என்றால் இதுதான். தொடங்கிவைத்தவர் வழியிலிருந்து தாங்கள் இம்மியும் பிசகவில்லை.

சட்டம் பேசலாமென்றால் அதிலும் தங்கள் துணிச்சல் வியக்கவைக்கிறது. அமெரிக்காவின் முதல் பதிப்புரிமைச் சட்டம் 1790 இல் வந்தது. பாதுகாப்பு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அதுவும் புத்தகங்களுக்கும் நிலப்படங்களுக்கும் கடல்வழிப் படங்களுக்கும்தான். அச்சுப்படங்களை 1802 இல்தான் சேர்த்தார்கள். அதாவது ரெவியரே உயிரோடு எழுந்து வந்து கேட்டாலும் கிடைக்காத உரிமை இது. 'படம் பழையது, ஆனால் ஸ்கேன் எங்களுடையது' என்று தங்கள் விதிமுறையின் கடைசிப் பத்தியில் பொடியெழுத்தில் இருக்கிறது. தட்டையான பழைய ஓவியத்தை அச்சு அசலாகப் படம் பிடிப்பதில் புதிதாக எந்தப் படைப்பும் இல்லை, அதற்குப் பதிப்புரிமையும் இல்லை என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999 இல் சொன்னது. தீர்ப்பிலும் ஒரு வாட்டர்மார்க் இருந்திருந்தால் தாங்கள் படித்திருப்பீர்கள்.

கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தையும் விலை விசாரித்தேன். 1796 இல் தொடங்கிய அந்த ஓவியத்தை ஸ்டூவர்ட் முடிக்கவே இல்லை. முடித்தால் ஒப்படைக்க வேண்டும். முடிக்காவிட்டால் கையில் வைத்துக்கொண்டு டஜன் கணக்கில் பிரதி போட்டு விற்கலாம். விற்றார். ஒரு கப்பல்காரர் அவரிடம் வாங்கிய பிரதியைச் சீனாவின் கான்டனுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடியில் நகலெடுத்து வந்தபோது ஸ்டூவர்ட் 1802 இல் நீதிமன்றத்துக்கும் போனார். அவராவது தூரிகை பிடித்தவர். அதே முகம்தான் ஒரு டாலர் தாளில் இருக்கிறது. தாங்கள் கேட்கும் தொகைக்கு டாலர் தாள்களாகவே வாங்கினால் படமும் கிடைக்கும், பணமும் மிச்சம்.

இந்தத் தொழிலில் தங்களுக்கு மூத்தவர்களும் உண்டு. கரோல் ஹைஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் தன் படங்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வழங்கினார். எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அவர் எடுத்த படத்தை அவரே தன் இணையதளத்தில் போட்டதற்கு 120 டாலர் கட்டச் சொல்லி ஒரு படக் கம்பெனியின் சார்பில் அவருக்கே ஓலை வந்தது. 2016 இல் வழக்குப் போட்டார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தங்களுக்கு இனிப்பான செய்தி.

எனக்கு உண்மையான வருத்தம் காசில் இல்லை, படத்துக்குக் கீழே தாங்கள் எழுதியிருக்கும் வரிகளில்தான். ரெவியர் படத்துக்குக் கீழே 'நிகழ்வின் உண்மைப் பதிவு' என்றிருக்கிறது. சுட்டது இரவு ஒன்பது மணி வாக்கில், தரையெல்லாம் பனி. வண்ணம் தீட்டிய பிரதிகளில் வானம் நீலமாக இருக்கிறது. இரவு என்பதற்கு ஒரு மூலையில் கீற்றுநிலா. பனி இல்லை. தள்ளுமுள்ளில் சிதறிச் சுட்ட சிப்பாய்கள் படத்தில் வரிசை கட்டி நிற்க, தளபதி வாளை ஓங்கி ஆணையிடுகிறார். பின்னாலிருக்கும் கட்டடத்துக்குக் கசாப்புக்கூடம் என்று ரெவியர் தன் கைவரிசையில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார். இறந்தவர்களில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளிக்காரர். அவரைக் கூட்டத்தில் தேடிப் பாருங்கள், எல்லாம் வெள்ளை முகம். இது பதிவல்ல, சுவரொட்டி. எங்கள் ஊரில் தேர்தல் சமயத்தில் பார்க்காத சுவரொட்டியா? அந்த வகையில் பார்த்தால் ரெவியர் கில்லாடி. அதைச் சொல்லித்தான் படத்தைக் காட்ட வேண்டும்.

வர்ஜீனியா பூர்வகுடிகளின் 'நேரடிச் சித்திரம்' என்று தாங்கள் விற்பது 1590 இல் பிராங்பர்ட்டில் தியோடர் டி பிரை செதுக்கியது. மனிதர் அட்லாண்டிக்கைத் தாண்டியதே இல்லை. நேரில் போய் 1585 இல் நீர்வண்ணத்தில் வரைந்தவர் ஜான் வைட். அந்த ஓவியங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செதுக்கும்போது முகமும் தசையும் ஐரோப்பியச் சிலைகளின் சாயலுக்குப் போனது தெரியும். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே அரைமணி நேரம் பேசலாம்.

வாஷிங்டன் டெலவேர் நதியைக் கடப்பதாக லாய்ட்ஸே என்ற ஓவியர் வரைந்ததை '1776, அரிய காட்சி' என்கிறீர்கள். அவர் 1851 இல் ஜெர்மனியில் உட்கார்ந்து வரைந்தது அது. படகில் பறக்கும் கொடியே 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது. மேஃப்ளவர் கப்பல் பயணிகள் என்று தொப்பியில் பக்கிள் வைத்த ஒரு குடும்பம் வந்தது. அப்பாவின் சட்டைக்கையில் கைக்கடிகாரம் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கப்பலில் வந்தவர்களில் நேரில் பார்த்து வரைந்த உருவப்படம் எட்வர்ட் வின்ஸ்லோ ஒருவருக்குத்தான் உண்டு. உண்மையிலேயே அரிய அந்தப் படம் தங்கள் கடையில் இல்லை.

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் சரண் என்று தேடியதில் மட்டும் மனம் நெகிழ்ந்தேன். அமெரிக்காவின் யார்க்டவுனில் அவர் படை சரணடைந்த காட்சிக்குப் பதிலாக, 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பிணையாக வாங்கும் ஓவியத்தைக் காட்டினீர்கள். 1781 இல் அங்கே தோற்றவர் இங்கே வந்து வென்றார். பிள்ளைகளைச் சென்னையில்தான் வைத்திருந்தார்கள். தங்கள் இயந்திரம் அறியாமல் செய்த பிழையில் என் உரைக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்தது. அதற்குக் கட்டணம் உண்டென்றால் தெரிவிக்கவும், பேரம் பேசலாம்.

மற்றபடி, வேண்டியதையெல்லாம் நாடாளுமன்ற நூலகத்திலும், 2017 முதல் பழைய படங்களைத் திறந்துவிட்ட நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும், 2020 முதல் திறந்துவிட்ட ஸ்மித்சோனியனிலும் இறக்கிக்கொண்டேன். எவர் செய்தது, எந்த ஆண்டு, எந்தத் தாள் என்று கூடவே எழுதியும் கொடுக்கிறார்கள். காசு கேட்கவில்லை, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றும் கேட்கவில்லை.

தங்கள் படங்களுக்குக் கீழே சரியான வரி எழுத ஆள் தேவையென்றால் அடியேன் தயார். கட்டணம் வரிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மாதிரி வரி ஒன்றைத் தனியே அனுப்புகிறேன். என் பெயர் அதன்மேல் குறுக்காக ஓடும். வரியைப் படிக்க வேண்டுமானால் முன்பணம் கட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்

இணைப்பு: ரெவியரின் படம் – 1 பிரதி. நாய் தெரியும்.