நடுவில் ஓட்டை, விலையில் மலை

கேக் செய்முறைகளைப் படித்தால் மாவைவிடப் பாத்திரத்துக்குத்தான் செலவு அதிகம். நடுவில் குழாய் வைத்த ‘பண்ட்’ பாத்திரம் இல்லாவிட்டால் அடுப்பையே பற்றவைக்கக் கூடாதாம்! 1950-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டேவிட் டால்க்விஸ்ட் அதை உருவாக்கினார். 1966-இல் ஒரு சமையல் போட்டியில், அதில் சுட்ட சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு வாங்கும்வரை பெரிதாக யாரும் அதைச் சீந்தவில்லை.

குழாயின் வேலை, நடுமாவுக்கும் சூடு போய்ச் சேர வழிவிடுவது. அதை ஓர் எவர்சில்வர் டம்ளரும் செய்யும். வெளிப்புறம் வெண்ணெய் தடவி, கவிழாமலிருக்க உள்ளே கொஞ்சம் அரிசி போட்டு, அகலப் பாத்திரத்தின் நடுவில் நிறுத்துங்கள். (பரணில் தூங்கும் சீர்ப் பாத்திரங்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா?)

9 அங்குல வட்டத் தட்டு கேட்கிறார்களா? 8 அங்குலச் சதுரம் போதும். பரப்பு ஏறக்குறைய ஒன்றே. இதய வடிவமா? 8 அங்குல வட்டக் கேக்கை இரண்டாக அறுத்து, அதே அளவு சதுரக் கேக்கின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். காதல் தயார்.

எந்தப் பாத்திரமானாலும் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மாவு ஊற்றாதீர்கள். பொங்கல் தை மாதத்தில்தான்.