ஃபர்ஸ்ட் குரூப் அப்பா

மகள் பத்தாம் வகுப்பு பாஸான அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுத் திண்ணை மந்திரிசபை ஆகிவிட்டது. பிளஸ் ஒன்னில் அவளை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று விவாதம். பெரியப்பா, மச்சினன், எதிர்வீட்டு அண்ணாச்சி, அண்ணாச்சியைப் பார்க்க வந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரி என ஆளுக்கொரு கருத்து. மகளுக்கும் ஒன்று இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

தலைமை நான். என் தகுதி, 1995-லேயே ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவன் என்பது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், நாலும். கணக்கு இருந்தால் இன்ஜினியர், உயிரியல் இருந்தால் டாக்டர், எதற்கும் ரெண்டு கதவையும் திறந்து வைப்போம் என்றார் என் அப்பா. சிவனும் பெருமாளும் ஒரே சிலையில் பாதிப் பாதியாக நிற்கிற சங்கரன்கோவில் இது. டாக்டரும் இன்ஜினியரும் ஒரே பையனுக்குள் நிற்க மாட்டார்களா என்று நினைத்திருப்பார். அப்போது நுழைவுத்தேர்வு வேறு உண்டு. ரெண்டு கதவும் திறந்துதான் கிடந்தன. நான் ஜன்னல் வழியாக இறங்கி நூல் கடையில் கணக்குப்பிள்ளை ஆனேன்.

அதற்காகப் படித்தது வீண் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஃபியூஸ் போனால் ஓம் விதியை வரி பிசகாமல் சொல்வேன். ஃபியூஸைப் போடுவது ஐ.டி.ஐ. படித்த பக்கத்துத் தெருத் தம்பி. அவருக்கு டார்ச் பிடிப்பது என் விதி.

வேதியியலும் அப்படித்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பாத்திரமெல்லாம் அடியில் வெள்ளை பூத்துவிடும். "இது கால்சியம் பைகார்பனேட். கொதிக்கும்போது கார்பனேட்டா மாறிப் படியுது" என்று நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். அவள் ஊறிய புளிச்சக்கையைப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தே விடுவாள். "பாத்தியா, அமிலம்!" என்பேன். "புளி" என்பாள்.

உயிரியல்தான் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். பிராக்டிகலில் தவளையை அறுத்தவன் நான். அதன் பெயர் ரானா ஹெக்ஸாடாக்டைலா. முப்பது வருஷமாக அந்தப் பெயர் மறக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் குளியலறைக்குள் ஒரு தவளை வந்துவிட்டால் முதலில் கட்டில்மேல் ஏறுவது நான்தான். செத்துப்போய், மல்லாந்து, நாலு பக்கமும் குண்டூசி குத்தி வைத்தால்தான் எனக்குத் தவளையோடு பழக்கம்.

இத்தனை அனுபவத்தோடு மகளுக்கு வழிகாட்ட உட்கார்ந்தேன். மச்சினன் எடுத்துக்கொடுத்தான்: "அத்தான், ஃபர்ஸ்ட் குரூப் படிச்சிட்டு பி.காம். போகலாம். காமர்ஸ் படிச்சிட்டு இன்ஜினியரிங் போக முடியாது. ஒன்வே." நான் ஒரு படி மேலே போய், கட்-ஆஃப் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இதுல உயிரியல் எங்கப்பா?"

"அது நீட்டுக்கு."

"நீட்ல கணக்கு இருக்கா?"

இல்லை. 720 மார்க்கில் ஒரு மார்க் கூடக் கணக்குக்குக் கிடையாது.

"அப்ப நாலையும் படிச்சா, எங்க போனாலும் ஒண்ணு மிச்சம்தானே?"

எலுமிச்சை வியாபாரி மணி பார்த்தார்.

அவள் பள்ளிக்கூடத்திலேயே விசாரித்து வைத்திருக்கிறாள். 2022-ல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தைச் சொல்லி எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று டீச்சர்களே பேசுகிறார்களாம். சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப் என்று கேட்பதில்லை, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும், ஆனால் தமிழில் நாற்பது சதவீதம் வாங்காவிட்டால் மிச்சத்தைத் திருத்தவே மாட்டார்கள் என்று அடுக்கினாள். எங்கள் காலத்தில் தமிழ்ப் பீரியடில்தான் பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதுவோம்.

மறுநாள் மதியம் எனக்குச் சோறு கொண்டு கடைக்கு வந்தவள், நூல் மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுல எண்பது, அதுல அறுபதுன்னு போட்டிருக்கே, என்னதுப்பா?"

"எண்பதாம் நம்பர் நூல்."

"அதான், எண்பது என்னது?"

இருபத்திரண்டு வருஷமாக அந்த எண்பதை நான் லெட்ஜரில் எழுதுகிறேன். நம்பர் கூடினால் நூல் மெலிசு என்பது தெரியும். எண்பது என்ன என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இருமலை வரவழைத்துக்கொண்டேன்.

பாவுக்கு நூல் எடுக்க வந்திருந்த தறிக்காரர் ஒருத்தர் ஓரத்தில் பீடியை அணைத்தார். எட்டாவதோடு நின்றவர். "ஒரு சிட்டம் 840 கெஜம், தாயி. ஒரு பவுண்டு நூல்ல எத்தனை சிட்டம் நிக்கோ, அதான் நம்பரு" என்றார்.

மகள் பில் புத்தகத்தின் பின்னட்டையில் பெருக்கினாள். எண்பதை 840-ஆல் பெருக்கினால் 67,200 கெஜம். கெஜத்தைக் கிலோமீட்டராக்கினால் 61-க்கு மேல். "அப்பா, இந்த ஒரு பவுண்டைப் பிரிச்சு விட்டா திருநெல்வேலி போயிரும்!"

"ஜங்ஷன்ல டீ குடிச்சிட்டு அதுக்கு மேலயும் போகும்" என்றார் தறிக்காரர். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் கணக்குப்பிள்ளைக்குரிய கம்பீரத்தோடு சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். அந்த நூலின் நீளத்தைக் கண்டுபிடிக்கக் கால்குலஸ் ஒன்றும் தேவைப்படவில்லை. அஞ்சாம் வகுப்புப் பெருக்கல்தான். என்னிடம் யாரும் கேட்காததால் நான் பெருக்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்க்கைப் படிவத்தைக் காமர்ஸ் என்று அவளே பூர்த்தி செய்து கையெழுத்துக்கு நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்து, தீர ஆலோசித்து முடிவெடுத்த அப்பாவைப்போல முகத்தை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, உங்க கூடப் படிச்சவரு வந்திருக்காரு!"

கையெழுத்து கோணிவிட்டது. மகள் பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொண்டு போனாள்.