தரைதொடு படலம்: வீட்டுக் கணினியில் பயணிகள் விமானத்தைக் கையால் இறக்குதல் குறித்த ஆய்வு முன்னோட்டம்

வீட்டு மேசையில் அமர்ந்து, ஜாய்ஸ்டிக்கைப் பற்றி, உள்ளே நூற்றறுபது பேர் இருப்பதாகக் கருதப்படும் ஒரு விமானத்தை ஆட்டோபைலட்டின் துணையின்றி ஓடுபாதையில் இறக்கும் அருஞ்செயல் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. தேடிப் பார்க்கவும் இல்லை. ஆய்வு இடைவெளியைக் கண்டுபிடிக்கும் மரபான வழி அதுதான்.

மேற்கோள் இன்றி ஆய்வு இல்லை என்பது வெள்ளிடைமலை. எனவே ஈண்டு எடுத்தாளப்படும் ‘தரைதொடு சூத்திரம்’ என்னும் நூலும், அதன் கூடத்து உரைகாரர், மாடியறை உரைகாரர், பால்கனி உரைகாரர் ஆகிய மூவரும் இக்கட்டுரையின் தேவைக்காக வீட்டிலேயே தயாரிக்கப்பட்டவர்கள். இதை வெளிப்படையாகச் சொல்வது ஒன்றில்தான் ஆய்வு மரபிலிருந்து விலகுகிறேன்.

1. முந்து நூல்

தரையைவிட்டு எழாத விமானத்தின் வரலாறு 1929இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் ஆர்கன் வாத்தியம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் தொடங்குகிறது. அங்கே எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் தொழிலில் பழகிய காற்றுத்துருத்திகளை ஒரு குட்டி விமானப் பெட்டிக்கு அடியில் பொருத்தி அதைச் சாயவும் திரும்பவும் வைத்தார். முதலில் அதை விரும்பி வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934இல், மோசமான வானிலையில் தபால் சுமந்த விமானிகள் பலர் மாண்ட பிறகே அமெரிக்க இராணுவம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஆக, இக்கலை ஓர் இசைக்கருவியின் வயிற்றில் பிறந்தது. இசைத் துறையினர் இன்னும் உரிமை கோராதது வியப்புக்குரியது.

1970களின் இறுதியில் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்குள் இதே வித்தையைச் சில கோடுகளாக நுழைத்தார். 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. அதைத் திறந்தவுடன் விமானம் நின்றிருக்கும் இடம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு. 2003 மார்ச் 30 நள்ளிரவில், மேயர் டேலியின் ஆணைப்படி புல்டோசர்கள் புகுந்து அந்த ஓடுபாதையில் பெருக்கல் குறிகளைத் தோண்டிவைத்தன. நிலையம் போயிற்று. பழைய பதிப்பை வைத்திருந்தோர் மறுநாளும் அங்கேயே இறங்கினர். 1998 ஜூலையில் மூடப்பட்ட ஹாங்காங்கின் கை டாக் நிலையத்திலும் இன்றுவரை வீட்டு விமானங்கள் இறங்கியவண்ணம் உள்ளன. இழந்த நிலங்கள் என்றால் இவைதாம்: இருந்ததற்குச் சான்று உண்டு, அழிந்ததற்குத் தேதி உண்டு, இப்போதும் போய் இறங்கலாம். கபாடபுர ஆய்வாளர்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர்கள் எழுதியுள்ள பக்கங்களை நான் எட்டப்போவதில்லை.

வானூர்தி ஆய்வில் சான்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐவர் ‘வைமானிக சாஸ்திர’த்தை ஆராய்ந்து, அதிலுள்ள விமானங்கள் பறக்கா என்றும், நூல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது என்றும் எழுதிவைத்தனர். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் அதே நூலைச் சான்று காட்டிப் பழங்கால விமானக் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. என் விமானமும் பறக்காது. அதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டதால் எனக்கு மாநாட்டு அழைப்பு வரவில்லை.

2. பூனையும் குரங்கும்

‘கையால் இறக்குதல்’ என்றால் என்ன என்பதை வைணவ உரைமரபின் துணையின்றி விளக்க இயலாது. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்ப்பூனை கவ்விச் செல்லும்: இது மார்ஜால நியாயம், தென்கலையார் கொள்கை. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றவேண்டும்: இது மர்கட நியாயம், வடகலையார் கொள்கை. 1965 ஜூன் 10 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஒரு ட்ரைடென்ட் விமானம் பயணிகளோடு தானாகவே தரை தொட்டதே, அது பூனை வழி. ஆட்டோபைலட்டைத் துண்டித்து, எச்சரிக்கை ஒலி அலற, வியர்த்த கையால் ஜாய்ஸ்டிக்கைப் பற்றுவது குரங்கு வழி.

பூனை வழியே எளிது என்பாரைக் கை டாக்குக்கு அனுப்புக. அங்கே 13ஆம் ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கற்றை ஓடுபாதைக்கு இட்டுச்செல்லாது. சதுரங்கக் கட்டம் தீட்டிய ஒரு குன்றை நோக்கி இட்டுச்செல்லும். குன்றைக் கண்ணால் கண்டதும் விமானி ஆட்டோபைலட்டை விடுத்து, கட்டடங்களின் தலைக்கு மேலே ஏறத்தாழ 47 பாகை வலப்புறம் திருப்பி இறக்கவேண்டும். திருப்பாவிட்டால் பூனை குட்டியைப் பத்திரமாகக் கவ்விக்கொண்டுபோய்க் குன்றில் வைக்கும். இதற்குத் தென்கலையார் தரப்பு மறுமொழி இன்னும் கிட்டவில்லை.

3. எந்தக் கை?

கையால் என்கிறோம். எந்தக் கையால் என்று எவரும் கேட்பதில்லை. இவ்வொரு கேள்விக்கே முனைவர் பட்டம் தகும்.

ஏர்பஸ் 320இல் கேப்டன் இடப்பக்க இருக்கையில் அமர்கிறார். அவருடைய ஜாய்ஸ்டிக் இடக்கைப் பக்கம் இருக்கிறது; எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள் நடுவில் இருப்பதால் அவை வலக்கைக்கு உரியவை. வலப்பக்கத்துத் துணை விமானிக்கு எல்லாம் தலைகீழ். இனி வீட்டுக்கு வருவோம். ஜாய்ஸ்டிக் மேசையின் வலப்புறம், வலக்கையில். இடக்கை கீபோர்டில் விசையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, தோளில் நான்கு தங்கக்கோடுகள் இருப்பதாக எண்ணி அமர்ந்திருப்போர் அனைவரும் உடலமைப்பின்படி துணை விமானிகளே. திரையில் தெரிவதோ கேப்டன் இருக்கையிலிருந்து காணும் காட்சி. கண் இடப்பக்கத்து நாற்காலியிலும் கை வலப்பக்கத்து நாற்காலியிலும் இருக்க, நடுவில் உள்ள மனிதர் எங்கே அமர்ந்திருக்கிறார்?

‘அவர் நெம்புகோல்களின் மேல் அமர்ந்துள்ளார்’ என்பது கூடத்து உரைகாரர் துணிபு. ‘அதனால்தான் விமானம் வேகம் குறையாமல் வருகிறது’ என்று மாடியறை உரைகாரர் அதனை வழிமொழிவார். மெய்யான கேப்டன்கள் இடக்கைப் பழக்கமுள்ள வீட்டு விமானிகள் மட்டுமே என்பது என் முடிவு. இடக்கையால் எழுதியதற்காகப் பள்ளியில் பிரம்படி பட்டவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். சோழர் படையின் வலங்கைப் பிரிவோடு இதை இணைத்து ஓர் இயல் எழுதவும் இடமுண்டு. வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கல்வெட்டு பிடிக்கும் என்றால் எழுதிவிடுவதே நலம்.

4. இறங்குமுகம்

மூன்று பாகைச் சரிவில் வரவேண்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கவேண்டும் என்பது கிடைக்கும்: 140 நாட் எனில் 700 அடி. கோணவியலை முழுதாகப் போட்டால் 743 வருகிறது. மிச்சம் 43 அடி எங்கே என்பதற்கு உரைகாரர் மூவரும் மௌனம்.

ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு எனில் சரியான உயரம். நான்கும் சிவப்பு எனில் இக்கட்டுரையைத் தொடர்ந்து படிப்பதில் பயனில்லை.

போயிங் 737-800இன் ஃபிளாப் நெம்புகோலில் பொறித்துள்ள எண்கள்: 1, 2, 5, 10, 15, 25, 30, 40. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையே மூன்றும் நான்கும் இல்லை. ஏடு அவ்விடத்தில் செல்லரித்திருக்கலாம். 20 இல்லாமையைப் பாடபேதம் என்பர்.

விமானம் சாயும் பக்கமே உடலும் நாற்காலியில் சாய்தல்: இது மெய்ப்பாடு. விரிவஞ்சி விடுக்கப்பட்டது.

5. நிறுத்தற் சிக்கல்

இனி இத்துறையின் தலையாய சிக்கல். இருநூறு அடி உயரம். சக்கரங்கள் இறங்கிவிட்டன. பக்கவாட்டுக் காற்றில் மூக்கு ஒருபுறம் பார்க்க, விமானம் ஒருபுறம் போகிறது. அந்நேரம் சமையலறையிலிருந்து: “டேய், சிலிண்டர்காரர் வந்திருக்காருடா, கதவைத் திற!” பழைய பதிப்புகளில் ‘பி’ விசை இதற்கென்றே இருந்தது. அழுத்தியதும் விமானம் வானில் அப்படியே நிற்கும். விமானி எழுந்து போய்க் கதவைத் திறந்து, பணம் கொடுத்து, பழைய சிலிண்டரைத் தூக்கிக்கொடுத்து, மோர் குடித்துத் திரும்பிவந்து, மீண்டும் ‘பி’ அழுத்தி இறக்குகிறார். இது ஓர் இறக்கமா, இரண்டா?

ஒருமைவாதிகள் கூற்று: விமானத்தின் கடிகாரம் நின்றுவிட்டதால் இடையில் காலமே நிகழவில்லை. பயணிகளைக் கேட்டால் எதுவும் நடந்ததாகச் சொல்லமாட்டார்கள். ஆகவே ஓர் இறக்கம்.

இருமைவாதிகள் கூற்று: விமானம் நின்றது, விமானி நிற்கவில்லை. இதயம் நிதானப்பட்டது, கை வியர்வை உலர்ந்தது. நடுங்கிக்கொண்டு வந்த முதல் விமானி இறங்கவே இல்லை. மோர் குடித்த வேறொருவர் இருநூறு அடியிலிருந்து பொறுப்பேற்று இறக்கினார்.

‘பொறிநின்ற காலை பொருள்நில்லா’ என்பது தரைதொடு சூத்திரத்தின் ஐந்தாம் படலத்து நூற்பா. இதற்குக் கூடத்து உரைகாரர் ‘பொறி’ என்பதைக் கணினி என்று கொள்ள, மாடியறை உரைகாரர் ஐம்பொறி என்று கொண்டார். இருவரையும் மறுத்த பால்கனி உரைகாரரோ, அது குக்கரைக் குறித்தது என்று நிறுவி, தம் கூற்றுக்கு அரணாகத் தாமே முந்தைய ஆண்டு எழுதிய கட்டுரையையும், அக்கட்டுரைக்குத் தாமே எழுதிய மதிப்புரையையும், அம்மதிப்புரையைப் பாராட்டி மாடியறை உரைகாரர் எழுதிய கடிதத்தையும், அக்கடிதம் எழுதுவதற்குமுன் இருவரும் ஒரே கருத்தரங்கில் ஒரே அறையில் தங்கியிருந்தமைக்கான பயணப்படி ரசீதையும் மேற்கோள் காட்டினார். ரசீதின் மூலப்படி கிடைக்கவில்லை. படி ஒன்று கூடத்து உரைகாரரின் மாணவரிடம் இருப்பதாகவும், அம்மாணவர் பட்டம் கிடைக்கும்வரை அதைத் தரமாட்டார் என்றும் ஓர் அடிக்குறிப்பு கூறுகிறது. அந்த அடிக்குறிப்பு இடைச்செருகல் என்போரும் உளர்.

மின்சாரம் போய் விமானம் முற்றாக மறைந்துவிடும்போது அது நிறுத்தமா, முத்தியா என்பது தனி வினா. வல்லார்வாய்க் கேட்டுணர்க.

6. தொடுகை எண்

சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் விமானம் நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் கீழிறங்கியது என்பதை வைத்தே வீட்டு விமானிகளிடையே உயர்வு தாழ்வு கணிக்கப்படுகிறது. அறுபது என்றால் ‘பட்டர்’. முந்நூறு என்றால் வெளியில் சொல்வதில்லை. இந்த எண்ணைத் தேடி விமானத்தை ஓடுபாதைக்கு மேலே தூக்கிப்பிடித்து, பாதி நீளத்தைக் காற்றிலேயே கழித்து, வெண்ணெயாய் இறக்கி, மறுமுனையில் வயலுக்குள் போய் நிற்போரைக் கண்டிருக்கிறேன். எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார்கள், வயலைப் பிடிக்கவில்லை.

பெரிய விமானங்கள் அவற்றுக்கு அனுமதித்த உச்ச இறங்கு எடையில் நொடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி இறங்கு வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஈர ஓடுபாதையில் மெத்தென்று வைத்தால் டயர் நீர்ப்படலத்தின் மேலேயே வழுக்கக்கூடும் என்பதால், தொழில்முறை விமானிகள் அங்கே கொஞ்சம் அழுத்தியே இறக்குவார்கள். பின்னிருக்கையில் ‘என்ன ஓட்டுறான்’ என்று முகம் சுளிக்கும் பயணிக்கு இது தெரியாது. வீட்டு விமானிக்குத் தெரியும்; ஆயினும் அவருக்கு அறுபதுதான் வேண்டும். ஓர் எண்ணுக்காகப் பொருளைக் கைவிடுவது வேறெந்தத் துறையிலும் உண்டா என்று மேற்கோள் எண்ணிக்கை பார்த்துப் பதவி உயர்வு தரும் நண்பர்களைக் கேட்டேன். அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

7. எஞ்சியவை

பிரேக்: ‘புள்ளி’ விசை.

இறங்கியபின் விமானத்தை ஓடுபாதையிலிருந்து விலக்கி, முனையம் வரை மெல்ல உருட்டிச் சென்று நிறுத்துவோர் மிகச் சிலர். ஏனையோர் சக்கரம் உருள்வது நின்றதும் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகின்றனர். அந்த நூற்றறுபது பேரும் எங்கே இறங்கினர், பெட்டிகள் யாரிடம் போயின என்பது பற்றிக் களஆய்வு மேற்கொள்ள மூன்றாண்டு நிதி நல்கை கோரி விண்ணப்பம் தயாராகியுள்ளது. மடிக்கணினி ஒன்று, ரட்டர் பெடல் ஒரு ஜோடி, ஹாங்காங்குக்கு இருவழி விமானச் செலவு (இருவருக்கு) ஆகியவை இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்டுள்ளன. விண்ணப்பத்தை மதிப்பிடும் நடுவராகப் பால்கனி உரைகாரரைப் பரிந்துரைத்துள்ளேன். அவர் ஒப்புக்கொண்டார், இரண்டாவது பயணச்சீட்டு அவருக்குத்தான்.