பிரெஸ்பா கேள்வி-பதில்: பாறைக்குள் ஒளிந்தவர்கள்

கேள்வி: குகை, பாறைக்குள் தேவாலயம், போர்க்காலப் பதுங்குமிடம். மூன்றையும் ஒரே ஏரிக்கரையில் பார்க்க முடியுமா? (மதுரை)

பதில்: முடியும். பிரெஸ்பாவுக்குப் போங்கள். கிரீஸ், அல்பேனியா, வட மாசிடோனியா என மூன்று நாடுகளுக்கும் பங்குள்ள ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், பெரிய பிரெஸ்பா, சிறிய பிரெஸ்பா என்று இரண்டாகக் கிடக்கிறது. நடுவே ஒரு மணல் திட்டு.

கேள்வி: அந்த ஒரு இடத்தில் மட்டும் இத்தனை குகைகள் எப்படி? (ஈரோடு)

பதில்: சுண்ணாம்புப் பாறைதான் காரணம். மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே வழி உண்டாக்கிக்கொள்ளும். பெரிய பிரெஸ்பாவிலிருந்து வெளியே ஓடும் ஆறு கிடையாது. தண்ணீர் கரையோரப் பாறைப் பிளவுகளில் இறங்கி, மலைக்கு அடியிலேயே பயணம் செய்து, சுமார் 150 மீட்டர் தாழ்வில் இருக்கும் ஒஹ்ரித் ஏரியை அடைகிறது. அங்கே புனித நவும் மடத்தருகே ஊற்றாகப் பொங்குவதில் ஒரு பகுதி இந்தப் பிரெஸ்பா தண்ணீர்தான். துறவிக்கும் சிப்பாய்க்கும் முன்னாலேயே அந்த மலையைக் குடையத் தொடங்கியது தண்ணீர்.

கேள்வி: துறவிகளுக்கு மடம் இல்லையா? குகைக்குள் ஏன் போனார்கள்? (கும்பகோணம்)

பதில்: மடம் இருந்தது. தனிமை வேண்டியவர்கள் அதற்கும் அப்பால் போனார்கள். கிரேக்கக் கரையில் ப்சராதெஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே படகு பிடித்தால் செங்குத்துப் பாறைகளின் காலடியில் மூன்று துறவிக் குகைகளைப் பார்க்கலாம். மெட்டமோர்ஃபோசிஸ் குகை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்னொன்று சின்ன அனாலிப்சி. மூன்றாவதான எலியூசா மாதா கோயில்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. நீர்மட்டத்திலிருந்து நீண்ட படிவரிசை ஏறினால், பாறை வாய்க்குள் ஒரு சிறு கோயில், உள்ளே சுவர் முழுக்க ஓவியம். ஏறத்தாழ 1410-இல் கட்டியது. அதற்குள் அந்தப் பகுதி ஆட்டோமன் கைக்குப் போய்விட்டது. ஆட்சி மாறியிருக்கிறது, நாளை என்ன என்று தெரியாது. அந்த நேரத்தில் சில துறவிகள் ஏரிக்கு மேலே சாரம் கட்டி, சாந்து பூசி, வண்ணம் குழைத்திருக்கிறார்கள். அந்தத் துணிவுக்காகவே அத்தனை படிகளையும் ஏறலாம்.

படகில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். வெட்டவெளிப் பாறையிலேயே மாதாவின் உருவம் தீட்டியிருக்கும். அதில் ஒன்று 1455-56-இல் வரைந்தது. கான்ஸ்டான்டினோபிள் ஆட்டோமன்களிடம் வீழ்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நேரம்.

கேள்வி: இவை பாறையைச் செதுக்கிச் செய்த கோயில்களா? (திருச்சி)

பதில்: இல்லை. குகை இயற்கையானது. அதன் வாயில் கல்லும் செங்கலும் வைத்துச் சுவர் எழுப்பிக் கோயிலாக்கினார்கள். அல்பேனியப் பக்கத்து மாலி கிராத் தீவில் இருக்கும் மரியாள் கோயிலும் அப்படித்தான். 1369-வாக்கில் அதைப் புதுப்பித்த நோவாக் என்ற சிற்றரசர், மனைவி மக்களோடு தம் உருவத்தையும் சுவரில் வரையச் சொன்னார். அந்தக் காலத்துச் சீமான் என்ன உடுத்தினார் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் அந்தத் தீவைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ப்சராதெஸிலிருந்து அதே படகில் மாலி கிராத் போய்விடலாமே? (நாகர்கோவில்)

பதில்: கூடாது. எல்லைக்கோடு ஏரிக்குள் ஓடுகிறது. கிரீஸிலிருந்து கிறிஸ்டலோபிகி சோதனைச் சாவடி வழியாகத் தரைமார்க்கமாகச் சுற்றி அல்பேனியாவுக்குள் போய், புஸ்தெத்ஸ் ஊரில் வேறு படகு எடுக்க வேண்டும். கிரீஸுக்கு ஷெங்கன் விசா. மற்ற இரண்டு நாடுகளின் விதியைப் புறப்படும் முன் அந்தந்தத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்க் குகை என்கிறீர்களே, எந்தப் போர்? (சிவகாசி)

பதில்: 1946 முதல் 1949 வரை நடந்த கிரேக்க உள்நாட்டுப் போர். கம்யூனிஸ்டுகளின் ஜனநாயகப் படை கடைசிக் காலத்தில் பிரெஸ்பாவைத் தலைமையிடமாக வைத்திருந்தது. கட்சிச் செயலாளர் நிகோஸ் ஸகாரியாதிஸ் பெயரில் அங்கே ஒரு குகை உண்டு. அதைவிட முக்கியமானது வ்ரொன்தெரோ கிராமத்துக்கு அருகே உள்ள கோக்கலி குகை. அது மருத்துவமனையாக இருந்தது. விமானம் மேலே குண்டு போட, உள்ளே அறுவை சிகிச்சை. ஏதென்ஸில் பேராசிரியராக இருந்த அறுவை மருத்துவர் பெத்ரோஸ் கோக்கலிஸ் அந்தத் தரப்பில் சேர்ந்து, அவர்களது அரசில் சுகாதாரப் பொறுப்பை ஏற்றவர். குகைக்கு அவர் பெயர்தான்.

1949 ஆகஸ்டில் போர் முடிந்தது. தோற்றவர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டினார்கள், பிரெஸ்பா கிராமங்கள் காலியாயின. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, காயம்பட்டவர்கள் கிடந்த இடம் அது. சாகசப் படம் எடுக்கும் இடமாக நினைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: அல்பேனியாவில் கான்கிரீட் பதுங்குகுழிகள் தடுக்கி விழும் இடமெல்லாம் இருக்குமாமே? (சேலம்)

பதில்: உண்மை. கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா ஆட்சியில், முக்கியமாக 1970-களிலும் 80-களிலும் கட்டியவை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான கணக்கு. ஒஹ்ரித் ஏரியின் அல்பேனியக் கரையிலும் பார்க்கலாம். அவர் அஞ்சிய படையெடுப்பு வரவே இல்லை. வீடு கட்டப் போயிருக்க வேண்டிய சிமென்ட்! கைவிடப்பட்ட ராணுவச் சுரங்கம் கண்ணில் பட்டால் தனியாக நுழையாதீர்கள். காற்றோட்டம் இருக்காது, கூரையையும் நம்ப முடியாது. முறையாகத் திறந்துவைத்த சுரங்கம் வேண்டுமென்றால் தலைநகர் டிரானாவில் இருக்கும் 'பங்க்ஆர்ட்' அருங்காட்சியகம் போதும்.

கேள்வி: வௌவால் பயம் உண்டு. என்ன செய்ய? (கடலூர்)

பதில்: அவற்றுக்குத்தான் உங்களிடம் பயம் இருக்க வேண்டும். சிறிய பிரெஸ்பாவின் அல்பேனிய முனையில் உள்ள த்ரென் குகையில் வௌவால்கள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. குளிர்கால உறக்கத்தில் எழுப்பினால் சேமித்த கொழுப்பு கரைந்து அவை சாகக்கூடும். தேசியப் பூங்கா ஆட்களைக் கேட்காமல் உள்ளே போகவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏற மாட்டார். (தஞ்சாவூர்)

பதில்: அம்மாவைச் சிறிய பிரெஸ்பாவுக்குக் கூட்டிப் போங்கள். புனித அகிலியோஸ் தீவுக்கு மிதவைப் பாலத்தில் நடந்தே போகலாம். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரிய மன்னர் சாமுவேல் காலத்தில் எழுந்த பெரிய தேவாலயம் இன்று கூரையில்லாமல் நிற்கிறது. சுற்றிலும் டால்மேஷியக் கூழைக்கடாக்கள். உலகிலேயே அவற்றின் மிகப்பெரிய குடியிருப்புகளில் ஒன்று இந்த ஏரி.

கேள்வி: ஓவியங்களைப் படம் எடுக்கலாமா? (கோவை)

பதில்: அனுமதி இருந்தால் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். விரல் நுனியால்கூடச் சுவரைத் தொடாதீர்கள். பழைய சாந்து உதிர்ந்தால் போனது போனதுதான். சுவரில் பெயர் கீறுகிறவரைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள், தடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. (சென்னை)

பதில்: மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். குளிர்காலத்தில் அங்கே பனி. காலையில் காற்று எழும் முன் ப்சராதெஸில் படகு பிடித்து எலியூசாவைப் பாருங்கள். பிற்பகலில் வ்ரொன்தெரோ போய்க் கோக்கலி குகை. படகுக்கு உள்ளூர் மீனவரையே அமர்த்துங்கள். மக்கள் வெளியேறிய அந்த ஊர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு உங்கள் பயணத்தால் ஒரு நாள் கூலியாவது கிடைக்கட்டும்.